ரேஸ் சூட்டுக்குள் ஓர் உடம்பு இருக்கிறது

2023 செப்டம்பர் 24 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்வதேச சர்க்யூட்டில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம் நடந்தது. வெயிலும் புழுக்கமும் தாங்க முடியாமல் இருந்ததால், 24 சுற்றுகளாக அறிவித்திருந்த பந்தயத்தை 21 சுற்றுகளாகக் குறைத்தார்கள். மார்கோ பெட்செக்கி வென்றார். இரண்டாமிடம் பிடித்த ஹோர்ஹே மார்ட்டின் வண்டியை விட்டு இறங்கியதும் சரிந்துவிட்டார். உடம்பில் நீர் வற்றியிருந்தது. மருத்துவக் குழு வந்து கவனித்தது. அவருக்கு அப்போது 25 வயது. உடம்பைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். முக்கால் மணி நேரம்கூட ஓடாத ஒரு பந்தயம் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

அதைப் பார்த்த பிறகும் நம் ஊர்ப் பந்தய வட்டாரத்தில் சில நம்பிக்கைகள் அசையவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் பிட்டிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவை இன்னமும் அறிவுரையாகப் புழங்குகின்றன. சேமிப்பைக் கொட்டிப் பந்தயத்துக்கு வரும் பிள்ளைகள் அவற்றை நம்பித்தான் டிராக்கில் இறங்குகிறார்கள். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிவிடலாம்.

நம்பிக்கை: “நாம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சூடு நம்மை ஒன்றும் செய்யாது.”

வெப்பத்துக்கு உடல் பழகுவது பிறந்த ஊரால் வருவதில்லை. அண்மையில் என்ன செய்தோம் என்பதால் வருகிறது. நாளுக்கு ஒரு மணி நேரமாவது வெக்கையில் உடம்பை வருத்தி, நன்றாக வியர்க்கவிட்டு, பத்து பதினான்கு நாள் தொடர்ந்தால்தான் அந்தப் பழக்கம் அமையும். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் இதெல்லாம் கரைந்துபோகும். வாரம் முழுக்க ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கு வரும் சென்னைக்காரரின் உடல், வெப்பத்தைப் பொறுத்தவரை குளிர்தேசத்துக்காரரின் உடலிலிருந்து பெரிதாக மாறுபட்டதல்ல.

அதற்கு மேல் ரேஸ் சூட் இருக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். தோலில் வழிந்தோடும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. தடித்த தோல் உடுப்பு, முதுகுக் கவசம், ஏர்பேக் (மோட்டோஜிபியில் 2018 முதல் இது கட்டாயம்), கையுறை, பூட்ஸ், ஹெல்மெட் என்று எல்லாம் சேர்ந்தால் ஆவியாவதற்கு வழியே இல்லை. வண்டி ஓடும்போது சூட்டின் துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்று வரும். தொடக்க வரிசையான கிரிட்டில் நிற்கும்போது அதுவும் கிடையாது. கீழிருந்து எஞ்சினின் அனல் வேறு ஏறுகிறது. சென்னையின் ஈரக்காற்றில் ஆவியாதல் இன்னும் மந்தம். ஆகவே வெயில் தணிந்த மாலையிலும் ரைடர் சூட்டுக்குள் வெந்துகொண்டிருக்கக்கூடும்.

ஜப்பானில் சுசுகா 8 மணி நேரப் பந்தயம் 1978 முதல் கோடையின் உச்சத்தில் நடந்துவருகிறது. இரண்டு மூன்று ரைடர்கள் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் அணியினர் சூட்டைக் கழற்றி அவரைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் உட்காரவைக்கிறார்கள். அடுத்த முறை வண்டியேறுவதற்குள் உடம்புச் சூட்டை இறக்கியாக வேண்டும் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நம் கிளப் பந்தயத்தில் தொட்டி வைக்க முடியாமல் போகலாம். நிழலில் உட்காருவது, கடைசி நிமிடம் வரை சூட்டை இடுப்போடு நிறுத்திவைப்பது, ஐஸ் நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போடுவது, ஐஸை நொறுக்கிக் கலந்த பானத்தை ஓட்டத்துக்கு முன்பு குடிப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஓட்டம் தொடங்கும்போதே உடம்பு குளிர்ந்திருந்தால், ஆபத்தான சூட்டை எட்ட அவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடியது: “வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறான், வெப்பத் தாக்கு இல்லை.” கடும் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் ஆள் நனைய நனைய வியர்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது வேறு: பேச்சுக் குழறல், தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே பிடிபடாத குழப்பம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே சூட்டைக் கழற்ற வேண்டும். ஐஸ் நீரில் அமிழ்த்தியோ, உடம்பெங்கும் ஊற்றி விசிறியோ அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும். ஆம்புலன்ஸை அழையுங்கள், ஆனால் அது வரும்வரை கை கட்டி நிற்காதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் சூடு இறங்குகிறதா என்பதைப் பொறுத்தே பிழைப்பதும் பிழைக்காததும்.

நம்பிக்கை: “தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். இல்லாவிட்டால் இளநீர் இருக்கவே இருக்கிறது.”

வியர்வையில் நீரோடு முக்கியமாகப் போவது சோடியம். இளநீரில் நிறைந்திருப்பது பொட்டாசியம். சோடியம் அதில் குறைவுதான். தாகத்துக்கு அருமையான பானம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள் முழுக்க சூட்டுக்குள் வியர்த்தவருக்கு அது மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, பாக்கெட்டில் சொல்லியபடி முழு ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓஆர்எஸ் ஆகியவை இந்த வேலைக்குப் பொருத்தமானவை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், வலிப்பு வரை போகலாம்.

எவ்வளவு குடிப்பது? அதற்குப் பொது அளவு கிடையாது. எடைபார்க்கும் கருவி சொல்லும். செஷனுக்கு முன் உள்ளாடையோடு ஒரு முறை, பின்பு துடைத்துவிட்டு ஒரு முறை எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். 70 கிலோ ஆள் ஒன்றரை கிலோ இழந்தால் உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டார். அங்கிருந்து உடலின் திறனும் கவனமும் சரியத் தொடங்கும். எடை கூடியிருந்தால் தேவைக்கு அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். நாலைந்து முறை குறித்து வைத்தாலே உங்கள் உடம்பின் கணக்கு தெரிந்துவிடும்.

நம்பிக்கை: “ஓடுவது வண்டி. ஓட்டுபவர் உட்கார்ந்துதானே இருக்கிறார்?”

வெளியாட்கள் சொல்வது இது, ரைடர்களின் வீட்டார் உட்பட. ஒரு மோட்டோஜிபி வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகும் அதை நேர்ச்சாலையின் முடிவில் சில விநாடிகளில் 100க்குக் கீழே இறக்குகிறார்கள். அப்போது ரைடரை முன்னே தள்ளும் விசை சுமார் 1.5 ஜி. 70 கிலோ ஆளுக்கு அது நூறு கிலோவுக்கு மேற்பட்ட தள்ளல். அதைத் தொடையாலும் வயிற்றுத் தசையாலும் கையாலும் தாங்கிக்கொண்டே இரண்டு விரலால் பிரேக் லீவரை அளந்து அழுத்த வேண்டும். மறுகணமே உடம்பை இருக்கையிலிருந்து பெயர்த்து ஒரு பக்கம் தொங்கவிட்டு, முழங்கை தரையை உரசும் அளவுக்குச் சாய வேண்டும். ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து தடவை இப்படி. நம் டிராக்குகளில் ஓடும் சிறிய வண்டிகளில் எண்கள் குறையும். செய்ய வேண்டிய வேலை அதேதான்.

சர்க்யூட் பந்தயங்களில் ரைடர்களின் இதயத் துடிப்பை அளந்தவர்கள், உச்ச அளவில் 90 சதவீதத்துக்கு மேல் நெடுநேரம் நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 180 என்பது அதிசயமில்லை. “பயத்தில் துடிக்கிறது” என்பார்கள். பதற்றத்துக்கும் பங்கு உண்டுதான், கிரிட்டில் நிற்கும்போதே துடிப்பு ஏறிவிடுகிறது. ஆனால் தசையை இறுக்கிப் பிடித்தபடியே இருப்பதும் வெப்பமும் சேர்ந்து அதை அங்கேயே நிறுத்திவைக்கின்றன. இந்த இறுக்கத்தில் பலர் தங்களை அறியாமலே மூச்சை அடக்கிவிடுகிறார்கள், அதுவும் வளைவுக்குள் நுழையும்போது. நேர்ச்சாலை வந்ததும் வேண்டுமென்றே மூச்சை முழுதாக வெளியே விடுவது ஒரு சின்னப் பழக்கம். பத்தாவது சுற்றில் அதன் பலன் தெரியும்.

நம்பிக்கை: “கை இறுகிப்போனால் முன்கையில் வலு இல்லை என்று பொருள். ஜிம்மில் ஏற்று.”

ரைடர்கள் ‘ஆர்ம் பம்ப்’ என்று சொல்லும் இந்தத் தொல்லையில்தான் தவறான வைத்தியம் மிக அதிகம். முன்கையின் தசைகள், நீட்சி இல்லாத ஓர் உறைக்குள் கட்டுக்கட்டாக அமைந்திருக்கின்றன. லீவரையும் பிடியையும் ஓயாமல் இறுக்கும்போது இரத்தம் பாய்ந்து தசை பருக்கிறது. உறை இடம் கொடுப்பதில்லை. இறுக்கமான உறைக்குள் திணித்த தலையணையின் நிலைதான் அந்தத் தசைக்கு. உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. கை கல்லாகிறது, விரல் மரத்துப்போகிறது, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாமல் போகிறது. இறங்கி ஓய்வெடுத்தால் சற்று நேரத்தில் தணிந்துவிடும். அதனால் மருத்துவரிடம் காட்டும்போது கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது அந்தக் கைக்கு எடை தூக்கிப் பயிற்சி கொடுத்துத் தசையை இன்னும் பருக்கவைத்தால் என்ன ஆகும்? உறைக்குள் இருக்கிற இடம் மேலும் சுருங்கும். பல ரைடர்கள் முன்கைக்கென்று தனியாகக் கனமான பயிற்சி செய்யாமல் தவிர்ப்பது இதனால்தான்.

பெரும்பாலோருக்குத் தீர்வு கைக்கு வெளியே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது முழங்காலால் டேங்கை இறுகக் கவ்வி, வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கினால் ஹேண்டில்பாரில் சுமை விழாது. காலும் வயிறும் சோர்ந்தால் அந்த வேலை கைக்கு வந்து சேரும். ஆகவே எட்டாவது சுற்றில் இறுகும் கைக்குக் காரணம் பல நேரங்களில் ஆறாவது சுற்றில் தளர்ந்த தொடை. லீவரின் கோணம், பிடியின் பருமன், விரலுக்கும் லீவருக்கும் இடையே உள்ள தூரம் எல்லாம் உங்கள் கைக்கு ஏற்றபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறொருவருக்காக அமைத்த வண்டியை அப்படியே வாங்கி ஓட்டுபவர்கள் ஏராளம்.

அந்த உறையை வெட்டித் திறக்கும் அறுவை சிகிச்சை பற்றியும் ஒரு மயக்கம் உண்டு: “ஒரு தடவை வெட்டிவிட்டால் கதை முடிந்தது.” ஃபாபியோ குவார்ட்டராரோ 2019இல் வலது முன்கையில் இந்த அறுவை செய்துகொண்டார். 2021 மே மாதம் ஹெரேஸில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், அதே கை இறுகியதால் 13ஆம் இடத்துக்குப் போனார். மறுபடி அறுவை. இரண்டு வாரத்தில் லெ மான்ஸில் மூன்றாமிடம், அந்த ஆண்டே உலகப் பட்டம். அன்று ஹெரேஸில் வென்ற ஜாக் மில்லரும் சில வாரங்களுக்கு முன்புதான் இதே அறுவையைச் செய்துகொண்டிருந்தார். டானி பெட்ரோசாவுக்கு முன்பு செய்தது பலிக்காமல், 2015இல் மீண்டும் செய்து மூன்று பந்தயங்களை இழக்க வேண்டியிருந்தது. ஆண்டின் இறுதியில் மோட்டெகியிலும் செப்பாங்கிலும் வென்றார். ஆக, அறுவை பலருக்கு உதவியிருக்கிறது, சிலருக்குத் தொல்லை திரும்ப வந்தும் இருக்கிறது. உறையின் அழுத்தத்தை மருத்துவர் அளந்து பார்த்து, உட்காரும் முறையையும் வண்டியின் அமைப்பையும் திருத்திய பிறகும் தீராதபோதுதான் கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று டிராக் டே அனுபவமுள்ள இருபது வயதுப் பிள்ளைக்கு முதல் வைத்தியமாக அதைச் சொல்வது பெரும் தவறு.

நம்பிக்கை: “ஓட்ட ஓட்டத்தான் தெம்பு வரும். தனிப் பயிற்சி வீண்.”

ஓட்டும் திறன் ஓட்டுவதால் வருகிறது, உண்மை. ஆனால் டிராக்கில் கிடைக்கும் நேரம் குறைவு, டயருக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவோ அதிகம். அதை மூச்சு வாங்குவதற்குச் செலவழிப்பது நட்டம். உலகத் தர ரைடர்கள் சைக்கிளில் நெடுந்தூரம் போவது மூட்டுகளை வருத்தாமல் இதயத்தைப் பழக்குவதற்காக. வாரத்தில் மூன்று நாள், பேச முடிகிற வேகத்தில் ஒரு மணி நேரச் சைக்கிள். ஒரு நாள் மட்டும் மூச்சிரைக்கும் இடைவெளிப் பயிற்சி. இரண்டு நாள் தொடை, இடுப்பு, முதுகு, கழுத்துக்கு வலுப் பயிற்சி. இவ்வளவிலேயே இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும். வாலென்டினோ ரோஸ்ஸி தன் ஊரான தவுலியாவில் மண் டிராக் ஒன்றை அமைத்து, இளைய ரைடர்களோடு அதில் சறுக்கிச் சறுக்கி ஓட்டிப் பழகினார். பெட்செக்கி அங்கே பழகியவர்தான். சிறிய வண்டியில் மண்ணில் ஓட்டுவது நம்மாலும் முடியும்: செலவு குறைவு, உடம்பும் வேலை செய்யும், பின்சக்கரம் நழுவும்போது பதறாமல் இருக்கவும் மனம் பழகும்.

நம்பிக்கை: “ஒவ்வொரு கிலோவும் பாரம். சாப்பாட்டைக் குறை.”

எடை குறைந்தால் வண்டி விரைந்து வேகமெடுக்கும் என்பது இயற்பியல். அதனால்தான் மோட்டோ3 பிரிவில் ரைடரையும் வண்டியையும் சேர்த்து 152 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். உலக சூப்பர்பைக்கிலும் 2024 முதல் ரைடரின் எடையைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் பட்டினி கிடந்து எடை குறைப்பவர் முதலில் இழப்பது தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தையும் நீரையும். பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளுக்கு வேண்டியது அவை இரண்டும்தான். தொடர்ந்து அரைவயிற்றோடு பழகினால் எலும்பும் நலிகிறது; விழுவது சகஜமான விளையாட்டில் அது எவ்வளவு பெரிய கேடு என்று விளக்க வேண்டியதில்லை. பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ இடியாப்பமோ திருப்தியாகச் சாப்பிடுங்கள். நெய் மிதக்கும் பொங்கலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: “எனர்ஜி டிரிங்க் குடித்தால் சோர்வு போய்விடும்.”

அதில் வேலை செய்வது காஃபீன். அளவோடு எடுத்தால் விழிப்பைக் கூட்டும். சோர்வை அகற்றாது, தெரியாமல் மறைக்கும். உடம்பில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சனிக்கிழமை மாலை குடித்தது இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, ஞாயிறு பந்தயத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

நம்பிக்கை: “முப்பதைத் தாண்டினால் உடம்பு தாங்காது.”

டிராய் பேலிஸ் 2006இல் வலென்சியா மோட்டோஜிபியை வென்றபோது அவருக்கு 37 வயது. ஜான் மெக்கின்னஸ் 2015இல் மேன் தீவின் சீனியர் டிடி சாலைப் பந்தயத்தை வென்றது 43 வயதில். ஒரு சுற்றே 60 கி.மீ.க்கு மேல், அப்படி நான்கு சுற்று. வயது கூடக் கூட, அடிபட்டதிலிருந்து தேறுவதற்கு நாள் பிடிக்கும். மற்றதைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

நம்பிக்கை: “பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு. களைப்பென்று சொல்பவன் ரேசரே இல்லை.”

என்னை மிகவும் வருத்துவது இந்த வாக்கியம்தான். களைப்பு முதலில் தசையைத்தான் தொடும் என்று நினைத்துச் சொல்லப்படுவது இது. டிராக்கில் அதற்கு முன்பே கணிப்பு தளர்ந்துவிடுகிறது. அடுத்த வளைவின் வெளிவாயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கண், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பிரேக் பிடிக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று மாறும். கியர் ஒன்று தவறும். ரைடருக்கு இது எதுவும் தெரியாது. தன் நிலையை எடைபோட வேண்டிய மூளையும் சோர்ந்த மூளைதானே. “நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர் சொல்வது பொய்யல்ல, உண்மையாகவே அப்படித்தான் அவருக்குத் தோன்றுகிறது.

டக்கார் ராலியில் இதை இன்னும் பெரிய அளவில் காணலாம். இரண்டு வாரம், விடியுமுன் எழுந்து, நாளெல்லாம் பாலைவனத்தில் தனியாக ஓட்ட வேண்டும். நின்றுகொண்டே வண்டியைச் செலுத்தியபடி வழிக்குறிப்புகளையும் வாசிக்க வேண்டும். கேரளத்தின் ஹரித் நோவா, ஓசூரின் டிவிஎஸ் பங்குபெறும் ஷெர்கோ அணிக்காக 2024இல் அங்கே ராலி 2 பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம் பிடித்தார். தூக்கமும் சாப்பாடும் குலைந்த உடம்போடு, வழிக்குறிப்பைத் தவறாக வாசிக்காமல் நாள் தவறாது ஓட்டியதால் கிடைத்த இடம் அது. வெறும் முரட்டுத் துணிவால் அங்கே இரண்டாம் வாரத்தைப் பார்க்க முடியாது.

கிளப் பந்தயத்தில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. சுற்று நேரங்களை எழுதும்போது சிறந்த நேரத்தை மட்டும் பார்க்காமல், ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்றும் பாருங்கள். அரை விநாடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த நேரங்கள் திடீரென ஒரு விநாடி, ஒன்றரை விநாடி என்று சிதறத் தொடங்கினால், சராசரி கூடாவிட்டாலும் ரைடர் சோர்ந்துவிட்டார் என்று கொள்ளலாம். பிட் சுவரில் நிற்கும் மெக்கானிக்கோ அண்ணனோ அப்பாவோ அப்போது பலகை காட்டி அவரை உள்ளே அழைக்க வேண்டும். யார் அழைப்பது, அழைத்தால் மறுபேச்சின்றி வந்துவிட வேண்டும் என்பதைக் காலையிலேயே, ரைடர் தெம்பாக இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, “இன்னும் ஒரே ஒரு செஷன்” என்று அவர் கேட்கும் நேரத்தில் அதைப் பேசத் தொடங்கினால் நடக்காது.